ஹாங்காங் "ரெண்டு நாள் ஊர்"னு சொன்ன அண்ணனுக்கு ஒரு பதில்

வணக்கம் மக்களே! லைட்டிங் மங்கலா இருக்கும், கண்டுக்காதீங்க. பின்னாடி பாருங்க, ஹாங்காங்ல இருந்து வந்த பெட்டியே இன்னும் பிரிக்கலை. ரிங் லைட் அதுக்குள்ளதான் எங்கேயோ கிடக்கு. ஆனா இந்த வீடியோவை இன்னைக்கே எடுத்தாகணும், ஏன்னா நான் செம கடுப்புல இருக்கேன்.

போன ஷார்ட்ஸ்ல ஹாங்காங்கோட ஸ்டார் ஃபெர்ரி படகு கிளிப் போட்டேன்ல? அதுக்குக் கீழ ஒரு அண்ணன் எழுதியிருக்கார். "ஹாங்காங்ல என்னம்மா இருக்கு, வெறும் பில்டிங். ரெண்டு நாள் போதும். டிஸ்னிலேண்ட், ஷாப்பிங், முடிஞ்சுது. இதுக்கு சிங்கப்பூரே மேல்." அதுக்கு லைக் வேற குவிஞ்சு கிடக்கு!

அண்ணே, சிங்கப்பூர் நல்ல ஊர், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா நீங்க ஹாங்காங்ல டூர் வேன்லயே சுத்தியிருப்பீங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு அந்த ஊரு பிடிச்சதுக்கு எந்த ஸ்பாட்டும் காரணம் இல்லை. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போறதே அங்க சுகமா இருக்கு. போய்ச் சேர்ற இடம் சுமாரா இருந்தாக்கூட பரவாயில்லை. இந்தச் சேனல்ல ரொம்ப நாளா இருக்கிறவங்களுக்குத் தெரியும், மாடி பஸ்னா மேல முன் சீட்டு கிடைக்காம நான் ஏறவே மாட்டேன். அப்படி ஒரு ஆளை டபுள் டெக்கர் டிராம் ஓடுற ஊர்ல விட்டா என்ன ஆகும்?

டிராமுக்கு வரேன். அங்க எல்லாரும் "டிங் டிங்"னுதான் கூப்பிடுறாங்க, டிரைவர் மணி அடிச்சுக்கிட்டே போறதால. 1904-ல இருந்து ஹாங்காங் தீவோட வட ஓரமா ஓடுது. மேற்குல கென்னடி டவுன், கிழக்குல ஷாவ் கெய் வான். ஏசி கிடையாது, ஜன்னல் திறந்துதான் இருக்கும். பின்பக்கமா ஏறணும், முன்பக்கமா இறங்கணும், இறங்கும்போதுதான் காசு. எவ்வளவு தூரம் போனாலும் பெரியவங்களுக்கு 3 ஹாங்காங் டாலர் 30 சென்ட், அவ்வளவுதான். நம்ம ஊர்க் காசுக்கு நாற்பது ரூபாய்க்குள்ள. 2025 மே மாசம் வரைக்கும் 3 டாலராத்தான் இருந்துச்சு.

இந்த 30 சென்ட் இருக்கே, இதைப் பத்தி நான் பேசியே ஆகணும். பொறுமை இல்லாதவங்க கொஞ்சம் தள்ளிவிட்டுப் பாருங்க.

டிராம்ல சில்லறை திருப்பித் தர மாட்டாங்க. டிரைவர் பக்கத்துல ஒரு உண்டியல் பெட்டி இருக்கும், நீங்களா எண்ணிப் போட்டுட்டு இறங்கணும். சூப்பர் மார்க்கெட் போனா எல்லாம் 12.90, 8.70-னுதான் விலை. அதனால என் பர்ஸ்ல 10 சென்ட், 20 சென்ட் காசா சேர்ந்துபோச்சு. 10 சென்ட் காசு பொடிசா, மஞ்சளா இருக்கும். அதை வெச்சுக்கிட்டு ஒரு மிட்டாய் கூட வாங்க முடியாது. 20 சென்ட் காசுக்கு ஓரமெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு பூ மாதிரி இருக்கும். என்கிட்ட ஆக்டோபஸ் கார்டு இருக்கு, முன்னாடியே பணம் ஏத்தி வெச்சுக்கிற கார்டு, தட்டிட்டு இறங்கலாம். அங்க முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்யறாங்க. ஆனா எனக்கு மனசு கேக்கலை. மேல உக்காந்தபடியே மடியில பர்ஸைக் கொட்டி ஒரு 2 டாலர், ஒரு 1 டாலர், ஒரு 20 சென்ட், ஒரு 10 சென்ட் பொறுக்கி எடுத்தேன். கரெக்டா 3.30! ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறங்கும்போது பெட்டியில போட்டேன் பாருங்க, கடகடகடன்னு ஒரு சத்தம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. எனக்கு மட்டும் ரேங்க் கார்டுல முதல் ரேங்க் வாங்கின சந்தோஷம். அதுக்கப்புறம் காசு போட்டுத்தான் டிராம்ல போனேன், கார்டைத் தொடவே இல்லை. ஆடியோவைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன், வேணும்னா ரிங்டோனா போடறேன்.

சரி, அந்த டிராம்ல முக்கியமான விஷயம் இது. வான் சாய் பக்கம் டிராம் ஜான்ஸ்டன் ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு போகும். மத்த ரோடெல்லாம் நேரா இருக்கு, இது மட்டும் ஏன் இப்படி நெளியுதுன்னு தோணும். ஏன்னா ஒரு காலத்துல அதுதான் கடற்கரை! 1920-கள்ல கடலைத் தூர்த்து நிலமாக்கிட்டாங்க. இப்போ அங்கிருந்து தண்ணியைப் பார்க்கணும்னா வடக்கால நடக்கணும். பழைய கரை எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம், அந்தத் தண்டவாளத்தோட வளைவே சொல்லிடும். 3 டாலர் 30 சென்ட்டுக்கு எனக்கு இது போதும்.

இன்னொண்ணு, போர்டுல "நார்த் பாயிண்ட்"னு போட்ட டிராம்ல ஒரு தடவை ஏறுங்க. ஷாவ் கெய் வான் போற டிராம் இல்லை, நார்த் பாயிண்ட்டே கடைசி ஸ்டாப்பா இருக்கிற டிராம். அது சுன் யூங் தெருங்கிற சந்தைக்குள்ள நுழையும். ரெண்டு பக்கமும் காய்கறி, மீன், பழம், நடுவுல தண்டவாளம், தண்டவாளத்து மேல ஜனம். மணி அடிச்சதும் எல்லாரும் சாவகாசமா ஒதுங்குவாங்க, வண்டி போனதும் மறுபடி கூடிடுவாங்க. மாடியில உக்காந்திருந்தா கடைக்காரங்களோட தார்ப்பாய் முகத்துக்கு நேரா வரும். அந்தப் புட்டேஜ் முழு வீடியோவா வருது.

அட, முக்கியமானதை விட்டுட்டேன்! விசா. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல ப்ரீ அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிடணும். 2017 ஜனவரியில இருந்து இது கட்டாயம். இலவசம்தான். ஹாங்காங் அரசாங்க சைட்லயே பண்ணுங்க, காசு கேக்கற சைட் பக்கம் போகாதீங்க. அது ஆறு மாசம் செல்லும், ஒவ்வொரு தடவையும் 14 நாள் வரைக்கும் தங்கலாம். பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கணும், 30 சென்ட்டுல மாட்டிக்கிட்டேன்.

ஃபெர்ரி. இதுக்காகத்தான் அந்த அண்ணன் மேல கோபமே. தீவுக்கும் எதிர்க்கரை கவ்லூனுக்கும் நடுவுல விக்டோரியா ஹார்பர். கடலுக்கு அடியில மெட்ரோ இருக்கு, 1972-ல இருந்து கார் போற சுரங்கம் இருக்கு. வீடியோ கால்ல அம்மா, "ஏன்டி, பாலம் கட்டலையா?"ன்னாங்க. கட்டலைம்மா, கட்டாம விட்டதும் நல்லதாப் போச்சு. தீவுப் பக்கம் சென்ட்ரல்ங்கிற ஏரியாவுல ஏழாம் நம்பர் படகுத்துறையில ஏறினா, கவ்லூன் பக்கம் இருக்கிற சிம் ஷா சுய்க்குப் பத்து நிமிஷத்துக்குள்ள போயிடலாம். பச்சையும் வெள்ளையுமா பெயிண்ட் அடிச்ச படகு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நட்சத்திரப் பேரு: மார்னிங் ஸ்டார், மெரிடியன் ஸ்டார், ட்விங்க்ளிங் ஸ்டார். டிக்கெட் பத்து டாலர்கூட ஆகாது, சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் கூட. படகு திரும்பாது, வந்த வாக்கிலேயே பின்னோக்கிப் போகும், அதனால பெஞ்சோட முதுகுப்பலகையைத் தள்ளிப் போட்டு நீங்க போற திசையைப் பார்த்து உக்காந்துக்கலாம். நான் ஒவ்வொரு தடவையும் தேவையே இல்லாம ரெண்டு மூணு முறை அதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சது யாருன்னு நினைக்கறீங்க? பம்பாயில இருந்து போன ஒரு பார்சிக்காரர்! தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா. சமையல்காரரா இருந்து மேல வந்த மனுஷன். 1888-ல கவ்லூன் ஃபெர்ரி கம்பெனின்னு தொடங்கினார், 1898-ல ஸ்டார் ஃபெர்ரின்னு பேர் மாறுச்சு. "பில்டிங்தானே"ன்னு சொன்ன அண்ணே, கேட்டீங்களா?

நான் 30 சென்ட்டுக்கு இவ்வளவு பேசறேன்னு சிரிச்சீங்கல்ல? 1966-ல இதே ஃபெர்ரியில முதல் வகுப்பு டிக்கெட்டை 5 சென்ட் ஏத்தறோம்னு கிளம்பினாங்க. வெறும் 5 சென்ட்! ஸோ சாவ் சுங்னு ஒரு இளைஞர் ஃபெர்ரி வாசல்லயே உண்ணாவிரதம் உக்காந்துட்டார். அவரைக் கைது பண்ணினதும் ஊரே கொந்தளிச்சு ராத்திரி ராத்திரியா கலவரம், ஊரடங்கு. ஜனங்க வயித்தெரிச்சல் அந்த அஞ்சு சென்ட்டோட மட்டும் நிக்கலைன்னு வைங்க. ஆனா ஒரு ஊரோட கோபம் வெடிச்ச இடம் ஒரு படகு டிக்கெட்டு. அதனால அங்க சில்லறையை எண்ணி எண்ணிப் போட்டதுக்கு நான் வெக்கப்படலை.

பிடிக்காததையும் சொல்லிடறேன், இல்லைன்னா ஸ்பான்சர்டான்னு கேப்பீங்க. ரூம்! பேர் சொல்லலை, நான் தங்கின ரூம்ல பெட்டியைத் தரையில விரிச்சா கதவு திறக்காது. கதவைத் திறக்கணும்னா பெட்டியைக் கட்டில் மேல தூக்கி வைக்கணும், அப்ப நான் எங்க உக்கார்றது? பாத்ரூம்ல ஷவருக்கும் டாய்லெட்டுக்கும் நடுவுல ஒரு திரைகூட இல்லை. அதுக்கு வாங்கின வாடகையை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. அப்புறம் ஏசி. வெளியில ஒட்டும் புழுக்கம், மால்ல நுழைஞ்சா பல்லு தந்தியடிக்குது. ஒரு ஷால் பையில இருக்கட்டும்.

பீக் மலை. எல்லாரும் கேட்டீங்க. மேல ஏற பீக் டிராம் இருக்கு, அதுவும் 1888-தான், நல்ல செங்குத்து. ஆனா எனக்கு க்யூன்னாலே ஆகாது. சென்ட்ரல்ல இருந்து 15-ஆம் நம்பர் பஸ், மேல்மாடி, முன் சீட்டு. ஒவ்வொரு வளைவுலயும் மரக்கிளை கண்ணாடியில அடிக்கும், நான் கத்துவேன், பக்கத்துல இருந்த பாட்டி என்னை முறைச்சாங்க. மேல போய் டிக்கெட் எடுத்து வியூ பாக்கற மொட்டைமாடியில நிக்காதீங்க, தயவுசெஞ்சு. லுகார்ட் ரோடுன்னு ஒரு நடைபாதை பக்கத்துலயே இருக்கு, சமதளம், இலவசம். கொஞ்ச தூரம் நடந்தா மரம் விலகி ஊர் மொத்தமும் தெரியும்.

இலவசம்னதும் ஞாபகம் வருது, மிட் லெவல்ஸ் எஸ்கலேட்டர். மலைச்சரிவுல 800 மீட்டருக்கு மேல நீளம், 1993-ல போட்டது. காலையில பத்து மணி வரைக்கும் ஆபீஸ் போறவங்களுக்காகக் கீழ்நோக்கி ஓடும். பத்துக்கு மேல நடுராத்திரி வரைக்கும் மேல்நோக்கி. அதனால மதியம் மேல இருந்து வரணும்னா படிக்கட்டுதான், முட்டிவலிக்காரங்க ஜாக்கிரதை.

சாப்பாடு. டீயைப் பத்தி என் கொள்கை உங்களுக்குத் தெரியும். தண்ணி டீயைக் குடிக்கறதுக்கு வெந்நீரே குடிக்கலாம். ஹாங்காங் மில்க் டீ அப்படியே நமக்குன்னு போட்டது. இலங்கைத் தேயிலையை நல்லா காய்ச்சி, துணி வடிகட்டியில திரும்பத் திரும்ப வடிச்சு, பாலுக்குப் பதிலா டின்ல வர்ற கெட்டியான எவாப்பரேட்டட் மில்க் ஊத்துவாங்க. நாக்குல ஒட்டும். சா சான் தெங்னு சொல்ற சின்ன ஓட்டல்ல கிடைக்கும். தெரியாதவங்களோட ஒரே டேபிள்ல உக்கார வெப்பாங்க, மெனுவைப் புரட்டிட்டே இருந்தா சர்வர் முகம் மாறும். அங்கேயே டீயும் காபியும் கலந்து யுன் யுங்னு ஒண்ணு தர்றாங்க. எனக்குப் பிடிக்கலை. மன்னிச்சிடுங்க ஹாங்காங் மக்களே, அது ரெண்டுக்கும் துரோகம். முட்டைக் கஸ்டர்ட் வெச்ச எக் டார்ட் சாப்பிடுங்க, ஆனா சைவத்தோட முட்டை வரைக்கும் சாப்பிடறவங்க கேட்டுட்டு வாங்குங்க, வெளி ஓட்டுல பன்றிக் கொழுப்பு சேர்க்கிற கடைங்க நிறைய. இட்லி, சப்பாத்தி இல்லாம முடியாதுன்னா கவ்லூன்ல நேதன் ரோட்டுல சுங்கிங் மேன்ஷன்ஸ்னு இந்தியச் சாப்பாட்டுக் கடைங்க இருக்கிற கட்டடம் இருக்கு. பணம் மாத்தறதுக்கும் அங்கதான் போவாங்க. வாசல்ல முதல் கவுன்டர்லயே நீட்டாதீங்க, உள்ள நடந்து ரெண்டு மூணு இடம் விசாரிங்க. ஆ, நோட்டு வேற மூணு பேங்க் தனித்தனியா அடிக்குது. ஒரே 100 டாலர் மூணு விதமா வந்ததும் பயப்படாதீங்க, எல்லாம் செல்லும்.

அண்ணனுக்குக் கடைசியா. "வெறும் பில்டிங்"னீங்களே, ஹாங்காங்ல சுமார் 40 சதவீத நிலம் பாதுகாக்கப்பட்ட காடு மலைதான். நான் சொல்ற மாதிரி ஒரு நாள் போங்க. டிராம்ல கிழக்குக் கடைசி ஷாவ் கெய் வான் வரைக்கும். அங்க 9-ஆம் நம்பர் பஸ். டிராகன்ஸ் பேக் பாதை ஆரம்பிக்கிற ஸ்டாப்ல இறங்கி மலை முதுகு மேலயே நடங்க. உச்சி 284 மீட்டர்தான், நானே ஏறிட்டேன்னா பாத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் கடல். இறங்கினா பிக் வேவ் பே பீச். தண்ணி பாட்டில் ரெண்டு எடுத்துக்கோங்க, வழியில கடை கிடையாது. மொத்தப் போக்குவரத்துச் செலவு, டிஸ்னிலேண்ட் உள்ள ஒரு பாப்கார்ன் வாங்கற காசுகூட வராது.

ஆக்டோபஸ் கார்டுல 50 டாலர் டெபாசிட் போடுவாங்க, கிளம்பும்போது திருப்பி வாங்கிக்கலாம். வாங்கினியான்னு கேக்காதீங்க, நான் வாங்கலை, மறுபடி போறேன். அடுத்த வீடியோ சுன் யூங் தெரு, வெள்ளிக்கிழமை வரும். இப்ப நான் ரிங் லைட்டைத் தேடணும். பை!