பிரிட்டனில் ஓட்டுநர் உரிமம்: ஊரில் ஓட்டியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

(திரையில்: குறுகிய குடியிருப்புத் தெரு. இருபுறமும் கார்கள் நிற்கின்றன. எதிரே வரும் கார் ஒருமுறை லைட் அடிக்கிறது.)

வணக்கம். ஒரு கார் மட்டுமே நுழையக்கூடிய இந்தத் தெருவில், எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒருமுறை அடித்துக் காட்டுகிறார். சென்னையில் இதற்கு "நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ ஒதுங்கி நில்" என்று பொருள். பர்மிங்ஹாமில் பெரும்பாலும் "நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள்" என்று பொருள். ஆனால் பிரிட்டனின் சாலை விதி நூலான ஹைவே கோட் இந்த இரண்டு பொருளையுமே ஏற்பதில்லை. தான் அங்கே இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கலாம் என்றும், அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு வண்டியை நகர்த்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஊரில் பத்து ஆண்டு ஓட்டியவருக்கு இங்கே வரும் சிக்கல் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. இரண்டு நாட்டிலும் வண்டி சாலையின் இடப்பக்கம்தான் போகிறது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான் இருக்கிறது. அதனால் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றிவிடுகிறது.

இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்குமான நடைமுறை. வட அயர்லாந்துக்குத் தனி அமைப்பு உண்டு.

முதலில் நாள்கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பலர் கோட்டைவிடுவது இதில்தான். இந்திய உரிமமோ இலங்கை உரிமமோ வைத்திருப்பவர், பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அதே உரிமத்தில் கார் ஓட்டலாம். அதன்பிறகு ஓட்டக் கூடாது. ஊரில் எடுத்துவந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டிக்காது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் உரிமத்தை நேரடியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸ் எவ்வளவு பழையதாக இருந்தாலும், நீங்கள் தற்காலிக உரிமம் (கற்பவருக்கான புரொவிஷனல் லைசென்ஸ்) எடுத்து, எழுத்துத் தேர்வு எழுதி, சாலைத் தேர்வும் ஓட்டியே ஆகவேண்டும்.

பன்னிரண்டு மாதம் தாராளமாகத் தெரியலாம். ஆனால் சாலைத் தேர்வு ஓட்டும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 185 நாட்கள் நீங்கள் இங்கே வசித்திருக்க வேண்டும். அதாவது முதல் ஆறு மாதம் தேர்வுக்கே போக முடியாது. மீதமுள்ள ஆறு மாதத்துக்குள்தான் தேர்வுத் தேதி கிடைக்க வேண்டும், தேர்ச்சியும் பெற வேண்டும். பல ஊர்களில் தேதி கிடைப்பதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "வந்த களைப்பு தீரட்டும், வீடு அமையட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எட்டாவது மாதத்தில் தொடங்குபவர் பதின்மூன்றாவது மாதம் பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்பார்.

ஆகவே வந்த முதல் மாதத்திலேயே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, அஞ்சலில் என்றால் 43 பவுண்டு. இந்த அட்டை கைக்கு வந்துவிட்டால் உடனே எல் போர்டு மாட்ட வேண்டுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். வேண்டியதில்லை. முதல் 12 மாதம் முடியும்வரை உங்கள் ஊர் உரிமத்தின் பலத்தில் நீங்கள் தனியாகவே ஓட்டலாம். கெடு முடிந்த மறுநாள்தான் நிலைமை மாறும்: வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு மாட்ட வேண்டும், 21 வயது நிரம்பி, முழு உரிமம் பெற்று மூன்று ஆண்டுகளாவது ஆன ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், காப்பீடும் கற்பவராக ஓட்டும் உங்களை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

(திரையில்: கணினித் திரையில் சாலைக் காட்சி. கீழே சிவப்புக் கொடிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

எழுத்துத் தேர்வின் கட்டணம் 23 பவுண்டு. இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதல் பகுதியில் 57 நிமிடத்தில் 50 கேள்விகள். 43 சரியாக இருந்தால் தேர்ச்சி. படித்தால் வந்துவிடும். ஒரு காலத்தில் இந்தக் கேள்விகளைத் தமிழ் உட்பட 19 மொழிகளில் காதில் கேட்டுக்கொண்டே பதிலளிக்கும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். எனவே ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கோ மனைவிக்கோ கணவருக்கோ உதவுபவர்கள், விதிகளைத் தமிழில் விளக்கிவிட்டு, சாலைச் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே பழக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது பகுதிதான் அனுபவசாலிகளைக் கவிழ்க்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோன்ற 14 காணொளிகள் ஓடும். சாலையில் ஒரு விஷயம் ஆபத்தாக உருவெடுக்கத் தொடங்கும்போது மவுஸைச் சொடுக்க வேண்டும். உடனே சொடுக்கினால் 5 மதிப்பெண், தாமதிக்கத் தாமதிக்க 4, 3 என்று குறையும். ஒரு காணொளியில் மட்டும் இரண்டு ஆபத்துகள் வருவதால் மொத்தம் 75, தேர்ச்சிக்கு 44 தேவை. நடைபாதையில் ஒரு சிறுவன் பந்துடன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாட்டையும் ஆட்டோவையும் ஒரே நேரத்தில் கவனித்துப் பழகிய நம் கண் அவனை அப்போதே பார்த்துவிடும், விரலும் அப்போதே சொடுக்கிவிடும். ஆனால் மதிப்பெண் சாளரம், அதாவது சொடுக்கினால் மதிப்பெண் கிடைக்கும் நேரம், இன்னும் திறந்திருக்காது. அவன் சாலையை நோக்கி நகரத் தொடங்கும்போதுதான் அது திறக்கும். சீக்கிரம் பார்த்தவருக்கு மதிப்பெண் இல்லை என்பது அநியாயமாகத்தான் படுகிறது. இதற்கு நான் கண்ட வழி, பார்த்ததும் ஒருமுறை, அது நகரத் தொடங்கியதும் ஒருமுறை என்று சொடுக்குவது. சந்தேகத்தில் விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தாலோ, தாளம்போடுவதுபோல் ஒரே இடைவெளியில் சொடுக்கினாலோ அந்தக் காணொளிக்குச் சுழியம்தான். தேர்ச்சி பெற்றால் அது இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் சாலைத் தேர்வை முடித்துவிட வேண்டும்.

(திரையில்: தேர்வு மையத்தின் வாகன நிறுத்துமிடம்.)

சாலைத் தேர்வுக்கு வார நாட்களில் 62 பவுண்டு. மாலை, வார இறுதி, விடுமுறை நாட்களில் 75 பவுண்டு. அரசு இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். தேர்வு தொடங்கும் முன் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒரு காரின் எண்பலகையைப் படிக்கச் சொல்வார்கள். அதைப் படிக்க முடியாவிட்டால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். பிறகு ஏறத்தாழ 40 நிமிடம் உண்மையான போக்குவரத்தில் ஓட்ட வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களாகவே, பெரும்பாலும் ஒரு வழிகாட்டிக் கருவியைப் பின்பற்றி ஓட்டுவீர்கள். வழி தவறினால் அது குற்றமில்லை. தவறாமல் இருக்க வேண்டும் என்ற பதற்றத்தில் கடைசி நொடியில் தடம் மாறுவதுதான் குற்றம்.

சிறு தவறுகள் 15 வரை பொறுத்துக்கொள்ளப்படும். பெருந்தவறு ஒன்று செய்தாலும் தோல்வி.

என் முதல் தேர்வில் சிறு தவறுகள் நான்கு, பெருந்தவறு ஒன்று. சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன், திரும்பினேன். எனக்கு எல்லாம் கச்சிதமாகத்தான் தோன்றியது. எனக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்ததைத் தேர்வாளர் பார்த்திருந்தார், நான் பார்க்கவில்லை. ஊரில் இடப்பக்கக் கண்ணாடியை மடக்கிவைத்தே ஆண்டுக்கணக்கில் ஓட்டியவன் நான். பக்கத்தில் யாராவது இருந்தால் ஹாரன் அடித்துத் தெரிவிப்பார்கள் என்று என் உடம்பு நம்பியிருந்தது. இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து ஹாரன் அடிப்பதும், குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிப்பதும் சட்டப்படியே தடை. காதால் ஓட்டிப் பழகியவர் இங்கே கண்ணால் ஓட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டும் முன்னும் குறைக்கும் முன்னும், இண்டிகேட்டர் போடும் முன்னும், திரும்பும் முன்னும் நடுக்கண்ணாடியையும் போகும் திசையின் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தோளுக்குப் பின்னால் திரும்பியும் பார்க்க வேண்டும்.

அடுத்து ரவுண்டானா. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் போகும்வரை காத்திருக்க வேண்டும். மூக்கை முதலில் நுழைத்தவருக்கே வழி என்ற நம் வழக்கம் இங்கே செல்லாது. அதே நேரத்தில், வலப்பக்கம் காலியாக இருக்கும்போது பயந்து நின்றுகொண்டிருந்தால் அதுவும் தவறுதான். ஊர்ப் பழக்கத்தை விட முயல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பள்ளத்தில் விழுகிறார்கள். இடப்பக்க வழியில் வெளியேறுவதானால் நெருங்கும்போதே இடது இண்டிகேட்டர். நேரே போவதானால் நுழையும்போது எதுவும் வேண்டாம். வலப்பக்கம் போவதானால் வலது இண்டிகேட்டர். எந்த வழியானாலும், அதற்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு வெளியேற வேண்டும்.

இன்னொரு பழக்கம் கிளட்ச். சிக்னலை நெருங்கும்போது வெகு முன்பாகவே கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடுவதை ஊரில் பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று குறித்துவிடுவார்கள். தானியங்கி கியர் காரில் தேர்வு ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்த உரிமத்தில் கையால் கியர் மாற்றும் காரை ஓட்ட முடியாது.

வேகப் பலகைகள் மைல் கணக்கில் இருக்கும். தெருவிளக்குகள் இருந்து பலகை எதுவும் இல்லையென்றால் இங்கிலாந்தில் மணிக்கு 30 மைல், ஏறத்தாழ 48 கிலோமீட்டர். வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் 20 மைல். 2022 ஜனவரியில் ஹைவே கோட் திருத்தப்பட்டதிலிருந்து, நீங்கள் திரும்பப்போகும் தெருவைக் கடக்க ஒருவர் ஓரத்தில் காத்து நின்றாலும் அவருக்கு வழிவிட வேண்டும்.

இத்தனை அனுபவம் இருக்கப் பயிற்சியாளர் எதற்கு என்று கேட்பீர்கள். முப்பது மணி நேர வகுப்பு தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் தேர்வு மையத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் நான்கைந்து வகுப்புகளாவது எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணாடி ஒழுங்கை நீங்களே கவனிக்க முடியாது. தகுதி முழுமையாகப் பெற்ற பயிற்சியாளரின் கார்க் கண்ணாடியில் பச்சை எண்கோண அட்டை இருக்கும். இளஞ்சிவப்பு முக்கோணம் இருந்தால் அவர் இன்னும் பயிற்சியில் இருப்பவர்.

தோற்றால் பத்து வேலை நாட்கள் கழித்தே மறுதேர்வு ஓட்டலாம். தேறினால் அன்றே ஓட்டத் தொடங்கலாம். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும்; ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் இங்கே நீங்கள் புதிய ஓட்டுநர்தான். தற்காலிக உரிமத்திலிருந்து, எழுத்துத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, ஊரிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்க ஒரே ஒருமுறை கைப்பேசியைக் கையில் எடுத்துப் பிடிபட்டால், அதற்கு 200 பவுண்டு அபராதம், அதோடு ஆறு புள்ளிகள்.