புளியும் கடுகெண்ணெயும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தபால் அலுவலகக் கவுன்டரில் 31 வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். மணியார்டர் பாரத்தில் சேதி எழுத ஒரு சின்ன இடம் இருக்கும், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன்கள் பணத்தைச் சட்டென்று எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் வெகுநேரம் நிற்பார்கள். பிழைக்க வந்த குடும்பங்கள் மேல் எனக்குக் கவனம் வந்தது அங்கேதான்.

வடக்கிலிருந்து வருகிற எல்லோரையும் இந்திக்காரர்கள் என்று சொல்லிவிடுகிறோம். சூளையில் கல் அறுக்கிறவர் ஒடியா பேசுவார், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற பையன் வங்காளி. மகால் பக்கத்தில் பட்டு நெய்த சௌராஷ்டிரக்காரர்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தான். இன்றைக்கு அவர்கள் இல்லாத மதுரையை நினைக்க முடிகிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து காசு வசூலித்தோம். கப்பலூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் பீகார்க் குடும்பங்கள் வேலையில்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். அரிசி, துவரம்பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி. குறை வைக்கக் கூடாது என்று அப்பளக் கட்டுகூட வைத்தோம். எங்களுக்கு ரொம்பப் பெருமை. போட்டோவும் எடுத்தோம், ஒளிப்பானேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனால், கொட்டகைச் சுவரை ஒட்டிப் புளிப் பொட்டலங்கள் அடுக்கியபடி இருக்கின்றன. பிரிக்கவே இல்லை. அரைகுறைத் தமிழ் பேசுகிற பையன் ஒருவனை முன்னால் தள்ளிவிட்டு, அவன் அக்காள் சாம்பார்ப் பொடியைக் காட்டுகிறாள். "அண்ணா, இதை என்ன பண்றது?" ஒரு நாள் உருளைக்கிழங்கில் போட்டுப் பார்த்தார்களாம். பிள்ளைகள் துப்பிவிட்டன.

அப்போதுதான் எங்களுக்குக் கேட்கத் தோன்றியது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் இல்லையா? என்ன வேண்டும் என்று கேட்டோம். உருளைக்கிழங்கு, வெங்காயம், கோதுமை மாவு, கடுகெண்ணெய். கடுகெண்ணெய்க்குக் கீழமாசி வீதியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். மதியம் 1 மணிக்குக் கடையைச் சாத்த வேண்டும், போலீஸ் வேறு விரட்டுகிறது. நாலாவது கடையில் ஆறு பாட்டில் கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்ததும் அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் வாணலியில் ஊற்றிப் புகை வருகிற வரை காய்ச்சினாள். நெடி தாங்காமல் நான் வெளியே ஓடி வந்துவிட்டேன். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம்.

நம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முறுக்குப் போட வடநாட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் மாதம் அந்த ஊர் எண்ணெய் வாடைக்கு எப்படிக் குமட்டியது என்று.

இன்னொன்றும் கேட்டார்கள், தயங்கித் தயங்கி. போனுக்கு ரீசார்ஜ். எங்களில் ஒருவர், "சோத்துக்கே வழியில்லை, போனுக்குக் காசா?" என்று முகத்தைச் சுளித்தார். நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் மூத்த பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருக்கிறது. பதினொரு நாளாகக் குரல் கேட்கவில்லையாம். எனக்கு அந்த மணியார்டர் பாரம் ஞாபகம் வந்தது. மூன்று போனுக்கும் போட்டுவிட்டோம்.

கேட்டுக் கொடுங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், என் வீட்டில் கேலிகூடச் செய்கிறார்கள். இது நமக்குத் தெரியாததா? மதுரை ஜில்லாவில் மொய் எழுதாத வீடு உண்டா? மொய்யில் யாராவது புளி வைக்கிறோமா? பணத்தை வைக்கிறோம், நோட்டில் பேர் எழுதுகிறார்கள், அந்த வீட்டுக்காரர் தன் பாட்டுக்குச் செலவு பண்ணிக்கொள்கிறார். வாங்குகிறவருக்கும் தலைகுனிவு இல்லை. சொந்தக்காரருக்குக் காட்டுகிற அந்த மரியாதை கொட்டகைக்காரருக்கு மட்டும் எங்கே போய்விடுகிறது?

நிலையத்துத் தம்பி கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிஷம்தான். எண்ணெயிலேயே நேரம் போய்விட்டது, வேகமாகச் சொல்கிறேன். 2020 அக்டோபரிலிருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் நம் மாநிலத்திலும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர்கள் ஊரில் கார்டு இருந்தால், இங்கே ரேஷன் கடையில் விரல் வைத்து மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் வாங்கலாம். 2023 ஜனவரியிலிருந்து அது இலவசம். ஊரில் இருக்கிற பெரியவர்கள் தங்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பல பேருக்கு இது தெரியாது. தெரிந்து போனாலும், மண் பிசைந்த கையில் ரேகை தேய்ந்து மிஷின் எடுக்காமல் திரும்பி வருவார்கள். கூட ஒரு ஆள் போனால் போதும். கையைக் கழுவித் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் நாலு வார்த்தை தமிழில் பேசுங்கள்.

பிள்ளைகள் படிப்பைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன். ஒன்றே ஒன்று. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்றிதழ் இல்லை, டிசி வரவில்லை என்று சொல்லி ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். மழை முடிந்து சூளை தொடங்குகிற வாரத்திலேயே ஒரு நடை போய், எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று... தம்பி ஒரு விரலுக்கு வந்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வணக்கம்.