மிச்சம் இருக்கிற சமையல் பூண்டை மலையில தொட்டியில வளர்க்கிறது எப்படி?

வணக்கம்ங்க. கோத்தகிரியில அக்டோபர் கடைசி வாரம், பூண்டு நட சரியான நேரம். சமையலறையில முளை எட்டிப் பார்க்கிற பூண்டு கிடந்தா, தூக்கிப் போடாம இந்த வீடியோவை முழுசாப் பாருங்க.

முதல்ல, எந்தப் பூண்டு? நம்ம கடைகள்ல மலைப்பூண்டுன்னு சொல்லி விக்கிறது எல்லாமே நீலகிரியிலயோ கொடைக்கானல்லயோ விளைஞ்சது இல்லீங்க. ஹிமாச்சல்ல இருந்து வர்ற பெரிய பல் பூண்டும் அதே பேர்ல விக்குது. அதை இங்க நட்டா தாள் நல்லா ஓங்கி வளரும், ஆனா அடியில சரியாத் திரளாது. அது நீளமான பகல் வேணும்ங்கிற ரகம். நம்ம ஊர்ல வருஷத்துலயே நீளமான பகல் கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அதனால கடைக்காரர்கிட்ட "எந்த ஊர்ச் சரக்குங்க அண்ணா?"ன்னு கேட்டு, உள்ளூர்ப் பூண்டா வாங்குங்க. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நம்ம மலைப்பூண்டு நிறைய வருது. கொடைக்கானல் பக்கத்துல இருக்கீங்கன்னா 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டே கைக்கு எட்டும். அதை விட்டுட்டு வேற தேட வேண்டாம்.

அடுத்து, பூண்டு தூங்குதா முழிச்சுதான்னு பார்க்கணும். ஒரு பல்லை நீளவாக்குல இப்படி ரெண்டா வெட்டுங்க. நடுவுல பச்சையா ஒரு குருத்து தெரியுதா? அது பல்லோட நீளத்துல பாதியைத் தாண்டியிருந்தா தயார். இந்தப் பல்லுல முக்காவாசி வந்துடுச்சு, மண்ணு தயாரா இருந்தா இன்னைக்கே நடலாம். கால்வாசிகூட இல்லைன்னா இன்னும் தூக்கத்துலதான் இருக்கு. மண்ணுல போட்டா முளைக்காமக் கிடந்து மழையில அழுகும். அதை உடைக்காம, முழுப் பூண்டாவே காகிதப் பையில போட்டு ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல 4-லிருந்து 6 வாரம் வைங்க. ஃப்ரீசர் ஆகாது, பிளாஸ்டிக் கவரும் ஆகாது, வேர்த்துப் பூஞ்சை பிடிச்சுடும். வெளிய எடுத்தா ரெண்டு நாளுக்குள்ள நட்டுடணும். ஊட்டி மாதிரி உறைபனி விழற இடத்துல இருக்கிறவங்களுக்கு இந்த ஃப்ரிட்ஜ் வேலை தேவைப்படாது. குளிர் பத்தலைன்னா பல் பிரியாம வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையா வரும். சின்னப் பல்லை நட்டாலும் இதே கதைதான். அதனால வெளிச்சுத்துல இருக்கிற பெரிய பல்லை மட்டும் நடுங்க, உள்ள இருக்கிற பொடிப் பல் ரசத்துக்குப் போகட்டும். தோலை உரிக்க வேண்டாம். பல்லோட அடியில தட்டையா, சொரசொரன்னு ஒரு தட்டு இருக்கு பாருங்க, வேர் அங்கிருந்துதான் வரும். உடைக்கும்போது அது பேர்ந்துட்டா அந்தப் பல்லைச் சமையலுக்கு எடுத்துக்குங்க.

தொட்டி மண்ணுக்கு செம்மண் ரெண்டு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மலை மண்ணு புளிச்ச மண்ணு, பூண்டுக்கு அது பிடிக்காது. 12 இஞ்ச் செடிப் பைக்கு மூணு டேபிள் ஸ்பூன் டோலமைட் தூளை (புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக்கல் மாதிரியான தூள்), நடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கலந்து வைங்க. ஒரு பையில 6 பல் போதும், 4 இஞ்ச் இடைவெளி. தட்டையான பக்கம் கீழ, கூர்நுனி மேல. நுனிக்கு மேல ஒரு இஞ்ச் மண்ணு மூடினாப் போதும்.

வடகிழக்கு மழை முடியற வரைக்கும் பையைத் தாழ்வாரத்து ஓரத்துல, வெயில் படுற மாதிரி வைங்க. இங்க பூண்டு கெட்டுப்போறதுல பாதிக்கு மேல தண்ணி தேங்கித்தான். இலை நுனியில இருந்து மஞ்சளாகி, இழுத்தா வேரில்லாமக் கையோட வந்துட்டா அடி அழுகிடுச்சுன்னு அர்த்தம். அந்தச் செடியோட சுத்தி இருக்கிற மண்ணையும் எடுத்துக் கவர்ல கட்டிக் குப்பைக்குக் கொடுத்துடுங்க, உரக்குழியில போடாதீங்க. இலையில வெள்ளிக் கோடு கோடாத் தெரிஞ்சா இலைப்பேன். குருத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதனால வேப்பெண்ணெய்க் கரைசலைக் குருத்துக்குள்ள இறங்கற மாதிரி அடிக்கணும். மழை விட்டதும் மண்ணு ஒரு இஞ்ச் காய்ஞ்சா மட்டும் தண்ணி. 30-ஆவது நாளும் 60-ஆவது நாளும் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். அதுக்கு மேல தழைச்சத்து கொடுத்தா தாள்தான் பெருக்கும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேங்க: கடைப் பூண்டைத் தொட்டியோட நிறுத்திக்குங்க, தோட்டத்து நிலத்துல நடாதீங்க. சாப்பிட வந்த சரக்கை விதைக்குன்னு யாரும் நோய் பார்த்து அனுப்பறதில்லை. பூண்டுல வர்ற வெள்ளை அழுகல் நோயோட வித்து மண்ணுல 20 வருஷம் கூட உயிரோட கிடக்கும். மண்ணுல ஒரு தடவை புகுந்தது லேசுல போகாதுங்க: உருளைக்கிழங்கு வேரைத் தாக்குற நூற்புழு ஊட்டிப் பக்கம் 1961-ல கண்டுபிடிச்சது, இன்னைக்கு வரைக்கும் நம்ம விவசாயிங்க அதோட மல்லுக்கட்டறாங்க. பக்கத்துத் தோட்டத்துல ஒரு குடும்பம் பூண்டை நம்பி இருக்கும்ங்க.

120 நாள் தாண்டி, கீழ் இலை மூணு நாலு காய்ஞ்சு மேல் இலை பச்சையா இருக்கும்போது பிடுங்கணும். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தண்ணியை நிறுத்திடுங்க. எல்லா இலையும் காயட்டும்னு விட்டா மேல்தோல் கிழிஞ்சு பல்லு பல்லாப் பிரிஞ்சுடும், சேமிக்க முடியாது. பிடுங்கினதைக் கழுவாதீங்க. மண்ணை உதறி, தாளோட அஞ்சஞ்சா முடிஞ்சு, நிழல்ல காத்தோட்டமாத் தொங்க விடுங்க. பனிமூட்டம் விடாத ஊர்ல அடுப்புப் பக்கம் உயரத்துல கட்டுங்க. மூணு வாரத்துல கழுத்துப் பக்கம் நசுக்கிப் பார்த்தா ஈரமே இருக்கக்கூடாது. அப்ப தாளை ஒரு இஞ்ச் விட்டு வெட்டி எடுத்துக்கலாம். பெரிசா வந்த ரெண்டு பூண்டை மட்டும் அடுத்த தொட்டிக்கு விதையா ஒதுக்கி வைங்க.