ஒரு முடிவு, எல்லா அலமாரியும் காலி

[காட்சி: சிங்கப்பூர், விக்டோரியா ஸ்திரீட், தேசிய நூலகத்தின் கீழ்த்தளத் திறந்தவெளி]

வணக்கம். 2014 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. இந்த இடத்தில் ஏறத்தாழ 400 பேர் கூடினார்கள். தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டினார்கள்.

காரணம், தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை நூலகங்களிலிருந்து எடுத்துவிட்ட செய்தி அந்த வாரம் வெளியே வந்திருந்தது. அதில் ஒன்று, விலங்குத் தோட்டத்தில் இரண்டு ஆண் பெங்குவின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்க்கும் கதை. பிறகு அமைச்சர் தலையிட்டார். இரண்டு நூல்கள் பெரியவர்கள் பகுதிக்குப் போயின. மூன்றாவது நூலை அதற்குள் கூழாக்கிவிட்டார்கள்.

அந்தக் கதைகளைப் பிள்ளைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்ளட்டும். எனக்கு உறுத்துவது வேறு. இங்கே 25க்கும் மேற்பட்ட பொது நூலகங்களை ஒரே வாரியம்தான் நடத்துகிறது. பிடோக்கில் இரவல் வாங்கி ஜூரோங்கில் திருப்பிப் போடலாம், அவ்வளவு வசதி. ஆனால் ஒரு நூல் வேண்டாம் என்று வாரியத்தில் முடிவானால், பிடோக்கிலும் இருக்காது, ஜூரோங்கிலும் இருக்காது.

[காட்சி: அமெரிக்க வரைபடம்]

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனி நிர்வாகம். அங்கே சில ஆண்டுகளாகப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நிறைய நூல்களை எடுக்கச் சொல்கிறார்கள். 2022இல் நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகம் ஒரு வேலை செய்தது. 13 முதல் 21 வயதுவரை உள்ள எவரும், நாட்டில் எங்கிருந்தாலும், இலவச மின் நூலக அட்டை வாங்கி அதன் மின்நூல்களை வாசிக்கலாம் என்று அறிவித்தது. அப்புறம் சியாட்டல், பாஸ்டன், சான் டியாகோ நூலகங்களும் சேர்ந்துகொண்டன.

ஓக்லஹோமாவில் ஓர் ஆசிரியை, வகுப்பறைப் புத்தக அலமாரியைக் காகிதத்தால் மூடினார். ‘நீங்கள் வாசிக்கக்கூடாது என்று மாநிலம் நினைக்கும் நூல்கள்’ என்று அதன்மேல் எழுதி, அந்த அட்டைக்கான கியூஆர் குறியீட்டையும் மாணவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். 2024இல் அவருடைய ஆசிரியர் உரிமத்தையே மாநிலம் பறித்தது. அதை நினைக்கும்போது இன்றும் மனசு கனக்கிறது. ஆனால் அட்டை கொடுப்பது நிற்கவில்லை. ஓக்லஹோமாவில் மூடிய அலமாரியை நியூயார்க்கில் இருப்பவர் திறந்துவிட முடிந்தது.

வாசிப்புக்காக இப்படிச் சேர்ந்து நிற்பது திடீரென்று வந்த பழக்கம் இல்லை. 1953இல், கம்யூனிச பயம் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க நூலகச் சங்கமும் பதிப்பாளர்களும் சேர்ந்து வாசிப்புச் சுதந்திர அறிக்கையை வெளியிட்டார்கள்.

[காட்சி: நூலகத்தின் தமிழ் அலமாரி]

சரி, அதே 1953இல் சிங்கப்பூரில் என்ன நடந்தது தெரியுமா? தொழிலதிபர் லீ கோங் சியான் ஒரு பொது நூலகத்துக்கு 3,75,000 வெள்ளி தர முன்வந்தார். அதற்கு நிபந்தனை வைத்தார்: நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களின் மொழி நூல்களும் இருக்க வேண்டும். அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்ட வேண்டும், அங்கே பெரும்பாலும் ஆங்கில நூல்கள்தான். இன்று நாம் காசு கொடுக்காமல் தமிழ் நாவலை உருவி எடுக்கும் இந்த அலமாரிக்குப் பின்னால் அந்த நிபந்தனையும் இருக்கிறது.

சேர்ந்து வேலை செய்வது நமக்கும் புதிதில்லை. 2015இல் தமிழ்த் தொண்டூழியர்களும் வாரியமும் கைகோத்து, 50 ஆண்டுகளில் இங்கே வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கினார்கள். அச்சில் கிடைக்காத சிறுகதைத் தொகுப்பைக்கூட இன்று கைப்பேசியில் தேட முடிகிறது.

அதனால் நம் நூலகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாரியம், பல்கலைக்கழகங்கள், பள்ளிகள் எல்லாம் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நூலை எடுக்க முடிவானால், ஏன் என்று வெளியே சொல்லுங்கள். கூழாக்கும் முன்பு, ஒரு பிரதியாவது மற்ற நூலகத்துக்குப் போகட்டும்.