ஓநாயிடம் விலாசம் கேட்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிச் சிம்னியை ரஷ்யாவின் காட்டோரக் கிராமங்களில் வேறொரு வேலைக்கும் எடுப்பார்கள். ஓநாய் வேட்டைக்குப் போகிறவர் அதை உடையாமல் பையில் வைத்துக்கொண்டு போவார், ஊளையிடுவதற்காக.

ஒரு முனையை வாயோடு சேர்த்துப் பிடித்து, தொண்டையிலிருந்து ஊளை எழுப்புவார். மறுமுனையை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் குரலை வளைப்பார். குழாய்க்குள் புகுந்து வந்தால் மனிதக் குரலின் சாயல் குறைந்து, கனத்த ஓசையாகிவிடும். சிம்னி இல்லையென்றால் மாட்டுக்கொம்பு. அதுவும் இல்லையென்றால் பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டிக்கொள்வார். வாபிக் என்பது இந்தக் கருவிகளுக்குப் பொதுப்பெயர். கைதேர்ந்த ஆளுக்கு இதெல்லாம் தேவைப்படாது. கட்டைவிரல்களால் மூக்கை அழுத்திக்கொண்டு, உள்ளங்கைகளை வாய்முன் குவித்தால் முடிந்தது.

துப்பாக்கி முனைக்கு ஓநாயை வரவழைக்கத்தான் இந்த ஊளை என்று பலரும் நினைக்கிறார்கள். வரவழைப்பதும் உண்டு. ஆனால் அந்தக் காட்டுக்காரர்களுக்கு முக்கியமாக வேண்டியது ஓநாய்க் குடும்பத்தின் விலாசம்.

குட்டிகள் ஏப்ரல், மே வாக்கில் பிறக்கும். ஆகஸ்டில் அவை ஓரளவு வளர்ந்திருக்கும். கூட ஓடி வேட்டையாடும் வலு இன்னும் வந்திருக்காது. பெரும்பாலும் நீர் கிடைக்கும் இடத்துக்கு அருகே அவற்றை விட்டுவிட்டுப் பெரியவை இரை தேடப் போகும். அந்திசாயும் நேரத்திலோ விடியலுக்கு முன்போ, தொலைவில் நின்று நம் ஆள் தாய்போல ஒருமுறை ஊளையிடுவார். பிறகு அசையாமல் காது கொடுப்பார். குட்டிகளுக்குச் சூது தெரியாது. இரையோடு பெற்றவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று கீச்சுக்குரலில் எல்லாமாகக் கத்தும். ஊளையாகத் தொடங்கி நாய்க்குட்டிக் குரைப்பாகச் சிதறும் சத்தம் அது. திசையைக் குறித்துக்கொண்டு, இன்னொரு வேளை இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டால் இரண்டு கோடும் சந்திக்கும் இடம் தெரிந்துவிடும். சுட வரும் கூட்டம் பிறகுதான் வரும்.

கிழ ஆணின் குரல் இன்னும் கடினம். அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, நின்று, கடைசியில் முனகலாக இறங்கவேண்டும். பெண்ணின் ஊளை அதைவிட மெல்லியது, குறுகியது. ஆண் குரலில் பிசகினால் பெரியவை வாய் திறக்காது. சில நேரம் சத்தமில்லாமல் வந்து பார்த்துவிட்டும் போகும். சந்தேகம் தட்டிவிட்டால் குட்டிகளை வேறிடத்துக்கு மாற்றிவிடும். அதனால் நல்ல வேட்டைக்காரன் ஓரிரு முறைதான் ஊளையிடுவான், கிட்டவும் போகமாட்டான். இந்தக் கலையில் வாயைவிடக் காதுக்கே மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

ஓநாய் ஏன் பதில் தருகிறது? அமெரிக்காவின் மினசோட்டா காடுகளில் 1970களில் ஃபிரெட் ஹாரிங்டன், டேவிட் மெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஊளையிட்டுப் பார்த்து இதை ஆராய்ந்தார்கள். ஓநாய்களின் கழுத்தில் ரேடியோ பட்டை இருந்ததால், பதில் தராத ஓநாய் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதும் தெரிந்தது. புதிதாகக் கொன்ற இரையின் பக்கத்திலோ குட்டிகளின் பக்கத்திலோ இருக்கும் கூட்டம் அதிகமாகப் பதில் தந்தது. 'இந்த இடம் எங்களுடையது' என்று எதிராளிக்குச் சொல்லும் அறிவிப்பு அது. கூட்டமில்லாத தனி ஓநாய் பெரும்பாலும் மூச்சுவிடாமல் நழுவிவிடும். ஊளையிட்டும் காடு மௌனமாக இருந்தால் அங்கே ஓநாய் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. கேட்பதை வைத்துத் தலை எண்ணவும் முடியாது. ஒவ்வொன்றும் குரலை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதால், இரண்டு மூன்று சேர்ந்தாலே பெரும்படை மாதிரி கேட்கும்.

இனி, இன்றைய அமெரிக்க ஊளைக்குழல். மாட்டுக்கொம்பு, கடைந்த மரம், பிளாஸ்டிக் குழாய் எதுவும் உடலாகலாம். உயிர் இருப்பது வாய்ப்பக்கம். லேசாக வளைந்த சிறு பலகையின்மேல் மைலார் என்ற பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய நாக்கு ஒன்று. நாதஸ்வரத்துச் சீவாளியின் வேலையை அது செய்கிறது. பலகை தட்டையாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஓசை எழாது. நாக்கு நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால்தான் ஓநாயின் கட்டைக் குரல் வரும்; குட்டையாக நறுக்கினால் கயோட்டி என்னும் சிறு ஓநாயின் குரலாகிவிடும். கனடாவின் ஜான் தெபர்ஜும் புரூஸ் ஃபால்ஸும் 1967இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஓநாய் ஊளையின் அடிச்சுருதி 150 முதல் 780 ஹெர்ட்ஸ் வரை. உறைபனியில் எச்சில் உறைந்து நாக்கு மடங்காது, அதனால் குழலை மேல்கோட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

மொண்டானா மாநிலம் 2013இல் ஓநாய் வேட்டைக்கு மின்னணு ஒலிபெருக்கியையும் அனுமதித்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் பதிவான ஊளை தானாக ஒலிக்கும். வேட்டைக்காரருக்கு வசதி. ஊளையிடத் தெரியாதவரும் அந்தப் பொத்தானை அமுக்கலாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டில் ஓநாய் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டைக்கு இடமே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் மட்டும் மகாராஷ்டிரத்துப் புல்வெளிகளில் ஊளைகளைப் பதிவுசெய்து, குரலை வைத்து ஓநாய்களைக் கணக்கிடப் பார்க்கிறார்கள்.

வேட்டையே இல்லாமல் ஊளையிடும் இடமும் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அல்காங்குவின் பூங்காவில் டக்ளஸ் பிம்லாட் என்ற ஆய்வாளர் பதிவுசெய்த ஊளையை ஒலிக்கவிட்டு ஓநாய்களைத் தேடினார். வெறும் மனிதக் குரலுக்கும் அவை பதில் தருவது அப்போது தெரியவந்தது. 1963 ஆகஸ்டில் பொதுமக்களையும் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். காரில் வரிசையாகப் போய் இறங்கி, பேசாமல் நிற்கவேண்டும். பூங்கா ஊழியர்கள்தான் ஊளையிடுவார்கள்.

டொரோண்டோவில் உறவினர் உள்ள நேயர்கள் அவர்களுக்குச் சொல்லலாம்: ஆகஸ்டில், வியாழக்கிழமை இரவுகளில் நடக்கும் நிகழ்ச்சி இது. முந்தின இரவு ஊழியர்கள் போய் ஊளையிட்டுப் பார்த்து, ஓநாய் இருக்குமிடம் தெரிந்தால் மட்டுமே நடத்துவார்கள். அதனால் பூங்காவுக்குப் போன்செய்து கேட்டுவிட்டே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.