கொட்டாப்புளியோடு வந்த பாதிரியார்

நேயர்களுக்கு வணக்கம். 2023ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா நடந்தபோது, அவருடைய வலக்கையில் சிலுவை பொருத்திய தங்க உருண்டை ஒன்றை வைத்ததை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோவுக்கும் கூடுதலான எடை கொண்ட அந்த உருண்டை, 1671ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் காலையில், ஒரு திருடனுடைய காற்சட்டைக்குள் சில நிமிடங்கள் இருந்தது. அந்தக் காலைப் பொழுதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கதையை ஆங்கிலேயர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். திருடனின் துணிச்சலை வியப்பார்கள். மன்னரின் பெருந்தன்மையையும் சேர்த்து வியப்பார்கள். எனக்கு என்னவோ, இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நகைகளைக் காத்துவந்த கிழவரின் மீதுதான் மனம் போய் நிற்கிறது. அவர் பெயர் டால்பட் எட்வர்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 77.

அவர் காத்துவந்த நகைகள் அன்றைக்குப் புதியவை. முதலாம் சார்லஸ் மன்னரை 1649இல் தலை வெட்டிக் கொன்ற நாடாளுமன்றம், பரம்பரையாக வந்த அரச அணிகளை உருக்கியும் விற்றும் தீர்த்துவிட்டது. 1660இல் முடியாட்சி திரும்பி, மகன் இரண்டாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது, தலையில் சூட்டக் கிரீடம் இல்லை. ஆகவே 1661ஆம் ஆண்டு முடிசூட்டுக்காகக் கிரீடமும் செங்கோலும் உருண்டையும் புதிதாகச் செய்யப்பட்டன. அவற்றை லண்டன் கோட்டையின் மார்ட்டின் கோபுரத்தில், கீழ்த்தளத்தில், கம்பி வலைக் கதவு போட்ட மாடத்துக்குள் வைத்திருந்தார்கள். மேல்தளத்தில் எட்வர்ட்ஸ் தம் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தார். பொதுமக்கள் வந்து நகைகளைப் பார்க்கலாம். பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் காசுதான் கிழவருக்கு வருமானம். ஒரு நாட்டின் முடியைக் காக்கிறவர் வந்து போகிறவர்களின் கைக்காசை நம்பிப் பிழைத்தார் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், பாதிரியார் உடையில் ஒருவர், தம் மனைவி என்று சொல்லி ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு, நகைகளைப் பார்க்க வந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாளுக்குத் திடீரென்று வயிற்றைப் புரட்டியது. எட்வர்ட்ஸின் மனைவி பதறிப்போய் அவளை மாடிக்கு அழைத்துச் சென்று, படுக்க வைத்து, குடிக்கக் கொடுத்துத் தேற்றினார். சில நாள் கழித்துப் பாதிரியார் நான்கு ஜோடி வெள்ளைக் கையுறைகளைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். இப்படியாகப் பழக்கம் வளர்ந்தது. பிறகு அவரே சம்பந்தம் பேசினார்: தமக்கு ஒரு மருமகன் முறைப் பையன் இருக்கிறான், ஆண்டுக்கு இருநூறு முந்நூறு பவுன் வருகிற நிலம் இருக்கிறது, உங்கள் பெண்ணைக் கொடுத்தால் என்ன என்றார். கலியாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு, வரதட்சணைக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு எவ்வளவு இனித்திருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உடனே விருந்துக்கு அழைத்தார்கள். பாதிரியார் சாப்பாட்டுக்கு முன் பக்திப் பரவசத்தோடு செபம் சொன்னார். மன்னருக்காகவும் அரசிக்காகவும் அரச குடும்பத்தார் அனைவருக்காகவும் நீட்டி முழக்கி மன்றாடினார். சாப்பிட்டு முடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், சுவரில் அழகான கைத்துப்பாக்கி இரண்டைக் கண்டு, தெரிந்த பிரபு ஒருவருக்குப் பரிசளிக்க வேண்டும் என்று சொல்லி அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டார். இந்தக் கதையில் நான் மிகவும் வியக்கும் இடம் இதுதான். தான் திருடப்போகும் வீட்டில் இருந்த ஆயுதத்தை, வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்தே அப்புறப்படுத்தியிருக்கிறான் அந்த மனிதன்.

அவன் பெயர் தாமஸ் பிளட். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு இரத்தம் என்றே பொருள். அயர்லாந்துக்காரன், கர்னல் என்ற பட்டம் அவனே சூட்டிக்கொண்டது. உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றதற்காக அயர்லாந்தில் நிலம் பெற்றவன், மன்னராட்சி திரும்பியதும் அதை இழந்தான். அந்த ஆத்திரத்தில் 1663இல் டப்ளின் கோட்டையைப் பிடித்து, அரசப் பிரதிநிதியான ஆர்மண்ட் பிரபுவைச் சிறைசெய்யத் திட்டமிட்டான். ரொட்டிக்காரன் வேடத்தில் ஒருவன் கோட்டை வாசலில் கூடையைக் கவிழ்ப்பான், காவலர்கள் ரொட்டி பொறுக்கக் குனிவார்கள், அந்த நேரத்தில் உள்ளே பாய்ந்துவிடலாம் என்பது ஏற்பாடு. சதி முன்னதாகவே வெளிப்பட்டு, கூட்டாளிகள் சிலர் தூக்கில் தொங்க, இவன் ஹாலந்துக்குத் தப்பினான். பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, லண்டனுக்கு அருகே ராம்ஃபோர்டில் வேறு பெயரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஆர்மண்ட் மீதிருந்த பகை ஆறவில்லை. 1670 டிசம்பர் 6ஆம் நாள் இரவு, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில், அறுபது வயதான அந்தப் பிரபுவை வண்டியிலிருந்து இழுத்து, தன் ஆள் ஒருவனோடு சேர்த்துக் குதிரையில் கட்டி, கொலைகாரர்களைத் தூக்கிலிடும் டைபர்ன் திடலில் தொங்கவிடுவதற்குக் கொண்டுபோகப் பார்த்தான். கிழவர் முண்டியடித்துக் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். தாக்கியவர்களைப் பிடித்துக் கொடுப்போருக்கு ஆயிரம் பவுன் அறிவித்தும் பயனில்லை. அந்தத் தாக்குதல் நடந்த சில மாதங்களுக்குள்தான், இவன் எட்வர்ட்ஸ் வீட்டு மேசையில் மன்னருக்காகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மே 9ஆம் நாள் காலை ஏழு மணியளவில், மாப்பிள்ளையைக் காட்டுவதாகச் சொன்னபடி, பிளட் மூன்று பேரோடு வந்தான். கைத்தடிகளுக்குள் கத்தி, மடியில் குத்துவாளும் துப்பாக்கியும். பெண்கள் வருவதற்குள் இவர்களுக்கு நகையைக் காட்டுங்களேன் என்றான். மேலே இருந்த மகளுக்கோ பொறுக்கவில்லை; மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்த்துவரப் பணிப்பெண்ணைக் கீழே அனுப்பினாள். வாசலில் காவலுக்கு நின்ற கூட்டாளியை மாப்பிள்ளை என்று எண்ணி, அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சேதி சொல்ல மாடியேறிப் போனாள்.

உள்ளே நடந்தது வேறு. கதவைச் சாத்தியதும் கிழவரின் தலையில் மேலங்கியைப் போட்டு மூடி, மூச்சுவிட ஓட்டை வைத்த மரக்கட்டையை வாயில் திணித்து, மூக்கில் இரும்புக் கொக்கியையும் மாட்டினார்கள். சும்மா கிடந்தால் உயிர் பிழைப்பாய் என்றார்கள். அவர் சும்மா கிடக்கவில்லை. மேலே இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று தம்மால் முடிந்த மட்டும் சத்தம் எழுப்பினார். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தலையில் அடித்தார்கள். மீண்டும் சத்தம் போட்டார். மீண்டும் அடித்து, வயிற்றில் குத்தினார்கள். ஒருவன் குனிந்து வாயருகே காது வைத்துக் கேட்டுவிட்டு, செத்துவிட்டான் என்றான். கிழவருக்கு நினைவு இருந்தது. செத்தவர் போலவே கிடந்துவிட்டார். அதே கொட்டாப்புளியால் பிளட் கிரீடத்தைத் தட்டி நசுக்கி அங்கிக்குள் சொருகிக்கொண்டான். பாரட் என்பவன் உருண்டையைக் காற்சட்டைக்குள் போட்டுக்கொண்டான். செங்கோல் நீளமாக இருந்ததால் அதை இரண்டாக்கிப் பைக்குள் வைக்க அரத்தால் ராவத் தொடங்கினார்கள்.

ராவி முடிக்குமுன், பத்து ஆண்டுகளாக வெளிநாட்டுச் சேவையில் இருந்த எட்வர்ட்ஸின் மகன், யாருக்கும் சொல்லாமல் ஃபிளாண்டர்ஸிலிருந்து அன்றைக்குத்தான் வீடு வந்து சேர்ந்தான். நாடகத்தில் இப்படி எழுதினால் நம்பமாட்டோம், நடந்திருக்கிறது. வாசலில் நின்றவன் அவனிடமே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். மகன் மாடியேறித் தாயைக் கண்ட நேரத்தில், கீழே இவர்கள் செங்கோலைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். கிழவர் வாய்க்கட்டையைப் பிடுங்கி எறிந்து, துரோகம், கொலை என்று கூவ, மகள் வெளியே ஓடிவந்து, கிரீடம் களவு போயிற்று என்று அலறினாள். தடுக்க வந்த காவலர்மீது பிளட் சுட, அடிபடாமலே அவர் அச்சத்தில் விழுந்தார். அடுத்த காவல்காரர் பேசாமல் வழிவிட்டார். கோட்டைக்கு வெளியே படித்துறை ஓரமாக, திருடர்களைப் பிடியுங்கள் என்று தாங்களே கத்திக்கொண்டு, குதிரைகள் நின்ற இடத்தை நோக்கி ஓடினார்கள். மார்ட்டின் பெக்மன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் விரட்டிப் பிடித்தார். கிரீடத்தை விடாமல் மல்லுக்கட்டித் தோற்ற பிறகு பிளட் சொன்னது, தோற்றாலும் வீரமான முயற்சிதான், ஒரு மணிமுடிக்காக அல்லவா செய்தேன் என்பதாகும்.

அந்த இழுபறியில் கிரீடத்திலிருந்து கற்கள் சிதறின. பெரிய முத்து ஒன்றைத் தெருக் கூட்டும் ஏழைப் பெண் ஒருத்தி கண்டெடுத்தாள். வைரம் ஒன்றை நாவிதரிடம் தொழில் பழகிய பையன் எடுத்தான். இருவரும் அப்படியே கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்கள்.

பிடிபட்டவன் மன்னரிடம் தவிர வேறு யாரிடமும் வாய்திறக்க மாட்டேன் என்றான். வியப்பு என்னவென்றால், மூன்றாம் நாளே இரண்டாம் சார்லஸ் அவனை அரண்மனைக்கு வரவழைத்தார். தேம்ஸ் ஆற்றில் மன்னர் நீராடும் இடத்தில், பாட்டர்சீ கரையில், அவரைச் சுட்டுக் கொல்வதற்காக நாணல் புதரில் ஒருமுறை மறைந்திருந்ததாகவும், அரச களையைக் கண்டு கை வரவில்லை என்றும் பிளட் கூறினான். அது உண்மையோ, அந்த நேரத்தில் கட்டிய கதையோ, கேட்டவருக்கு ஏற்ற கதை என்பதில் ஐயமில்லை. 1651இல் வூஸ்டர் போரில் தோற்று, கருவாலி மரத்தின் கிளைகளுக்குள் ஒளிந்து, ஆறு வாரம் மாறுவேடத்தில் அலைந்து தப்பியவர் அந்த மன்னர். ஒளிந்து கிடப்பவனின் கதையில் அவருக்குச் சுவை இருந்திருக்கும். உன்னை உயிரோடு விட்டால் என்ன செய்வாய் என்று மன்னர் கேட்டார். அதற்குத் தகுதியானவனாக நடக்க முயல்வேன் என்றான்.

ஆகஸ்டு மாதத்தில் பிளட்டுக்குப் பொதுமன்னிப்பு வந்தது. கூடவே ஆண்டுக்கு 500 பவுன் வருமானமுள்ள அயர்லாந்து நிலமும் வந்தது. ஆர்மண்டிடம் மன்னர் ஆள் அனுப்பி, உம்மைத் தாக்கியவனை மன்னித்துவிடும் என்று கேட்டபோது, தம் கிரீடத்தைத் திருடியதையே மன்னர் மன்னிக்கும்போது, என் உயிருக்கு வைத்த குறியை நான் மன்னிப்பதா பெரிது என்று அவர் பதில் சொன்னார். பணிவான சொல்தான், ஊசியும் உள்ளே இருக்கிறது.

மன்னர் உல்லாசப் பிரியர், சிரித்து மன்னித்தார் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஹாலந்தோடு மீண்டும் போர் தொடுக்க அவர் அப்போது ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். 1672இல் போர் வந்தது. அரசத் திருச்சபைக்கு உட்படாத பிரிவினர் உள்நாட்டில் கிளர்ந்தெழாதிருக்க வேண்டும். பிளட் அவர்களோடு பழகியவன். அவர்களுடைய மறைவிடங்களை அறிந்தவன். அவனைத் தூக்கிலிட்டால் ஒரு தியாகி கிடைப்பான். விட்டுவைத்தால் ஒரு ஒற்றன் கிடைப்பான். பின்னாளில் அரசாங்கச் செயலரான ஜோசப் வில்லியம்சனின் குறிப்புகளில், அந்தப் பிரிவினருக்கும் அரசுக்கும் இடையே பிளட் தூது போனது பதிவாகியிருக்கிறது. நாட்குறிப்பு எழுதிய ஜான் ஈவ்லின், பிரபுக்கள் சாப்பிட்ட ஒரு விருந்தில் அவனையும் கண்டு, இரக்கமற்ற முகம், ஆனால் நயமாகப் பேசி உள்ளே புகும் ஆபத்தான ஆள் என்று எழுதிவைத்தார்.

எட்வர்ட்ஸுக்கு 200 பவுனும் மகனுக்கு 100 பவுனும் கொடுக்கும்படி கருவூலத்துக்கு உத்தரவாயிற்று. உத்தரவுதான் வந்தது, பணம் வரவில்லை. தலையிலும் வயிற்றிலும் பட்ட காயங்களுக்கு மருத்துவர்கள் காசு கேட்டார்கள். கடைசியில் கிழவர் தம் உத்தரவுச் சீட்டை 100 பவுனுக்கும், மகன் தம்முடையதை 50 பவுனுக்கும், ரொக்கமாகக் கொடுத்தவரிடம் விற்றுவிட்டார்கள்.

பிளட் ஒன்பது ஆண்டுகள் லண்டனில் மிடுக்காக உலாவினான். பின்னர் பக்கிங்ஹாம் பிரபுவை அவதூறு செய்ததாக வழக்கில் சிக்கிச் சிறை சென்று, பிணையில் வந்து, 1680 ஆகஸ்டு 24ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் தன் வீட்டில் இறந்தான். அவன் செத்தான் என்பதை ஊர் நம்பவில்லை. இதுவும் ஒரு வேடமாக இருக்கும் என்று பேச்சுக் கிளம்பவே, புதைத்த உடலைத் தோண்டியெடுத்து விசாரணை நடத்தி, அவன்தான் என்று உறுதிசெய்து மறுபடி புதைத்தார்கள்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1674ஆம் ஆண்டு செப்டம்பரில், எட்வர்ட்ஸ் எண்பது வயதில் கண்ணை மூடியிருந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித பேதுரு தேவாலயத்தில் அவருக்கு வைத்த கல்லில் பெயரும், அரச அணிகளின் காப்பாளர் என்பதும், இறந்த நாளும், வயதும் இருக்கின்றன. வணக்கம்.