வெங்கோஸ் மாதிரி ஓடுவது

நேயர்களுக்கு வணக்கம். நாள் முழுக்க நாலு இடம் அலைந்து, சாயங்காலம் மூச்சு வாங்க வீட்டுக்கு வருகிற கிரேக்கர் ஒருவரிடம் 'என்ன இப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். 'வெங்கோஸ் மாதிரி ஓடினேன்' என்பார். அந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த தனாசிஸ் வெங்கோஸ் ஒரு நகைச்சுவை நடிகர். வழுக்கைத் தலை, ஒல்லி உடம்பு, எதற்கோ நேரமாகிவிட்டதைப் போன்ற முகம். திரையில் அவர் நடந்ததைவிட ஓடியதுதான் அதிகம்.

1927 மே மாதம், பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய நியோ ஃபாலிரோவில் பிறந்தார். அப்பாவுக்கு மின் நிறுவனத்தில் வேலை. ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் நின்றவர் அவர். போர் முடிந்த பிறகு, அரசியல் கருத்துக்காக அவரை வேலையிலிருந்து துரத்தினார்கள். குடும்பம் தெருவுக்கு வந்தது.

மகனும் தப்பவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1948இல் ராணுவச் சேவைக்குப் போன வெங்கோஸை மக்ரோனிசோஸ் தீவுக்கு அனுப்பினார்கள். ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா பகுதியின் கரைக்கு எதிரே கிடக்கும் வறண்ட கல் தீவு அது. இடதுசாரி என்று சந்தேகப்பட்ட சிப்பாய்களை அங்கே கொண்டுபோய், அடித்து உதைத்து, 'மனம் திருந்தினேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். வெங்கோஸ் அங்கே இருந்தது சுமார் இரண்டு வருடம். அதே தீவில் அடைபட்டிருந்தார் நிகோஸ் குந்துரோஸ் என்ற இளைஞர். பின்னாளில் இயக்குநரான குந்துரோஸ், 1954இல் 'மாய நகரம்' என்ற தன் முதல் படத்தை எடுத்தபோது, தோல் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த வெங்கோஸைத் தேடிப்பிடித்து ஒரு சிறு வேடம் கொடுத்தார். ஒரு பெரிய நகைச்சுவைக் கலைஞனைக் கண்டெடுத்த இடம் ஒரு சிறைத் தீவு!

நடிப்புப் பள்ளி வாசலை அவர் மிதித்ததே இல்லை. அந்தக் காலத்து கிரேக்கத்தில் நடிகராக இருக்க உரிமம் வேண்டும். 1959இல் தேர்வுக் குழுவின் முன் நின்று, 'தனித் திறமை உள்ளவர்' என்ற வகையில் அதை வாங்கினார்.

அப்புறம் ஓட்டம்தான். 1963இல் வந்த ஒரு படத்தின் தலைப்பே ஒரு கிரேக்கப் பழமொழி: எல்லா வேலையும் தெரிந்தவனுக்கு வீடு மட்டும் வெறும் வீடு. அதில் வேலை மாற்றி வேலை பார்த்து, ஒன்றிலும் நிலைக்காமல் திண்டாடுவார். ஜேம்ஸ் பாண்ட் மோகம் உச்சத்தில் இருந்தபோது 'பகிரங்க ஏஜென்ட் 000' ஆக வந்தார். ரகசிய ஏஜென்ட் இல்லை, பகிரங்க ஏஜென்ட்! டூப் போடாமல் தானே விழுவார், தானே உருளுவார், கண்ணாடியோ படிக்கட்டோ எதையும் பார்க்க மாட்டார்.

1964இல் சொந்தமாகப் படக் கம்பெனி ஆரம்பித்தார். படங்களுக்குக் கூட்டம் வந்தது, கணக்கு மட்டும் சரிப்படவில்லை. சில வருடங்களில் கம்பெனி கடனில் மூழ்கியது. வேலை தேடி ஓடும் மனிதனாக நடித்தவர் கடனை அடைக்க நிஜமாகவே ஓட வேண்டியதாயிற்று. அவர் ஓட்டத்தை வெறும் சேஷ்டை என்று என்னால் ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வேலை, வீடு, காசு எதுவும் உறுதியில்லாமல் ஒரு தலைமுறையே இப்படித்தான் ஓடியது. தன்னைத்தான் திரையில் பார்க்கிறோம் என்று அது அறிந்துதான் சிரித்தது.

1971இல், ராணுவ ஆட்சியின் நடுவில், தீனோஸ் கத்சுரீதிஸ் இயக்கிய 'போரில் நீ என்ன செய்தாய், தனாசிஸ்?' வந்தது. ஆக்கிரமிப்புக் கால ஏதென்ஸ். எந்த வம்புக்கும் போகாமல் வயிற்றைக் கழுவினால் போதும் என்றிருக்கும் சாதாரண மனிதன், தெரியாத்தனமாகச் சிறையிலும் சித்திரவதையிலும் மாட்டிக்கொள்கிறான். சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் எந்த நொடியில் சிரிப்பை நிறுத்தியது என்று சொல்ல முடியாது. தெசலோனிகி திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது.

யாரைப் பார்த்தாலும் அவர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: 'கலே மு ஆந்த்ரோபே', அதாவது 'என் நல்ல மனிதரே'. 2011 மே 3ஆம் தேதி அவர் இறந்தபோது கிரேக்கர்கள் அதை அவருக்கே திருப்பிச் சொன்னார்கள்: 'நம் நல்ல மனிதர் போய்விட்டார்.'

ஒரு காட்சியைச் சொல்லி விடைபெறுகிறேன். தியோ ஆங்கெலோபுலோஸின் 'யுலிசிஸின் பார்வை', 1995. மெதுவாக நகரும் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் அவர். அவரிடம் போய்ச் சேர்ந்தார் நம் ஓட்டக்காரர், டாக்சி ஓட்டுநராக. கதாநாயகனாக வரும் அமெரிக்க நடிகர் ஹார்வி கைட்டலை ஏற்றிக்கொண்டு அல்பேனியாவுக்குப் போகிற வழியில், பனி கொட்டும் மலைப்பாதையில் வண்டி நிற்கிறது. வெங்கோஸ் இறங்குகிறார். கிரேக்கம் செத்துக்கொண்டிருக்கிறது என்று பேசுகிறார். பிறகு வெளியே கிடக்கும் வெள்ளைப் பரப்பைப் பார்த்து, நீயும் தனியா, நானும் தனிதான் என்பது போலப் பேசி, ஒரு பிஸ்கட்டை அதற்கு வீசுகிறார். அவர் ஓடவே இல்லை.

வணக்கம்.